முதுகெலும்பு வளைவும் உடற்பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிப்போர்ட்டில் 'ஸ்கோலியோசிஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். பாதிப் பேர் பயந்துபோய் வருகிறார்கள். மீதிப் பேர் யாரோ சொன்ன ஒரு பயிற்சியைச் செய்து வலியைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். இருவருக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைத் தொட்டுச் செல்வதால், முதல் தடவை வரிசையாகப் படிப்பது நல்லது.

முதுகெலும்பு வளைஞ்சிருக்குன்னு சொல்லிட்டாங்க. அப்படின்னா என்ன?

பக்கவாட்டில் நின்று பார்த்தால் எல்லோர் முதுகிலும் வளைவு உண்டு. கழுத்தும் கீழ்முதுகும் உள்நோக்கியும், மேல்முதுகு வெளிநோக்கியும் வளைந்திருக்கும். உடம்புக்கு அந்த வளைவுகள் தேவை. பின்னாலிருந்து பார்க்கும்போது முதுகெலும்பு நேராகத் தெரிய வேண்டும். அப்படித் தெரியாமல் வலப்பக்கமோ இடப்பக்கமோ வளைந்திருந்தால் அது ஸ்கோலியோசிஸ். சிலருக்கு ஒரே வளைவு இருக்கும். சிலருக்கு மேல்முதுகில் ஒரு பக்கமும் கீழ்முதுகில் மறுபக்கமுமாக இரண்டு இருக்கும். மேல்முதுகு அளவுக்கு மீறி முன்னோக்கி வளைவதுதான் கூன். அது தனிக் கதை. இந்தப் பக்கத்தில் பேசுவது பக்கவாட்டு வளைவைப் பற்றி.

எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை எக்ஸ்ரேயில் டிகிரியாக அளப்பார்கள். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜான் காப் 1948இல் விளக்கிய முறை என்பதால் அதற்குக் காப் கோணம் என்று பெயர். 10 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் அதை ஸ்கோலியோசிஸ் என்று சொல்வதில்லை. 10 முதல் 25 வரை லேசானது. அதற்கு மேல் 40, 45 வரை நடுத்தரம். அதையும் தாண்டினால் கடுமையானது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். எலும்புகள் பக்கவாட்டில் வளைவதோடு நிற்பதில்லை, கூடவே திருகவும் செய்கின்றன. முன்னால் குனியும்போது ஒரு பக்க விலா மேடாகத் தெரிவதற்கு இந்தத் திருகல்தான் காரணம்.

எனக்கு ஏன் வந்துச்சு? சின்ன வயசுல ஒரே தோள்ல பை மாட்டுனதாலயா, கோணலா உக்காந்ததாலயா?

இரண்டாலும் வராது. ஸ்கோலியோசிஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்குத் திட்டவட்டமான காரணம் கிடைப்பதில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது தெரியும். பத்து வயதுக்கு மேல், உயரம் வேகமாகக் கூடும் பருவத்தில்தான் பெரும்பாலும் கண்ணில் படும். மீதமுள்ளவர்களில் பிறக்கும்போதே முள்ளெலும்பு சரியாக உருவாகாதவர்கள், நரம்பு அல்லது தசை நோய் உள்ளவர்கள், வயதான பிறகு தேய்மானத்தால் வளைந்தவர்கள் எனப் பல வகை உண்டு.

'நான்தான் பிள்ளையை நிமிர்ந்து உட்கார வைக்காமல் விட்டுவிட்டேன்' என்று கண் கலங்கும் பெற்றோரைப் பார்க்கிறேன். தயவுசெய்து அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

வளைவு 18 டிகிரிதான், பயப்பட ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்றார். அப்புறம் ஏன் சாயங்காலமானா இப்படி வலிக்குது?

கோணத்தின் அளவும் வலியின் அளவும் சேர்ந்தே ஏறி இறங்குவதில்லை. 40 டிகிரி வளைவோடு வலியே தெரியாமல் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். 15 டிகிரியில் அவதிப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் டாக்டர் சொன்னதும் சரி, உங்கள் வலியும் உண்மை.

வலி பல இடங்களிலிருந்து வரலாம். வளைவின் புடைத்த பக்கத்தில் இருக்கும் தசைகள் இழுபட்ட நிலையிலேயே நாள் முழுக்க உடம்பைத் தாங்கி நிற்கின்றன. அவை களைத்துப்போவதுதான் சாயங்கால வலிக்கு மிகச் சாதாரணமான காரணம். குழிந்த பக்கத்தில் தசைகள் குறுகி இறுகியிருக்கும். அங்கே முள்ளெலும்புகளின் சிறு மூட்டுகள்மேல் அழுத்தமும் கூடுதல். விலாவும் தோள்பட்டை எலும்பும் சமமாக அசையாததால் கழுத்து, தோள் வரை பிடிப்பு பரவும். இடுப்பு ஒரு பக்கம் உயர்ந்திருந்தால் அங்கேயும் வலிக்கும்.

இந்தப் பட்டியலில் தசைக் களைப்பும் இறுக்கமும் பயிற்சியால் மாறக்கூடியவை. வளைவு அப்படியே இருக்கும்போதே வலி குறைவதற்கு அதுதான் காரணம். நான் சொல்லவரும் விஷயத்தின் மையமும் இதுதான். கோணத்தைப் பார்த்து மலைத்துப்போய்ப் பயிற்சியைத் தொடங்காமலே இருப்பவர்கள், குறைத்துக்கொள்ளக்கூடிய வலியோடு வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள்.

உடற்பயிற்சி செஞ்சா முதுகு நேராயிடுமா?

வளர்ச்சி முடிந்தவர்களுக்கு ஆகாது. எலும்பும், முள்ளெலும்புகளுக்கு நடுவில் உள்ள வட்டும் (டிஸ்க்) அந்த வடிவத்திலேயே அமைந்துவிட்டன. 'இத்தனை வாரத்தில் நேராக்கித் தருகிறோம்' என்று யார் சொன்னாலும் பணம் கட்ட வேண்டாம்.

ஆனால் பார்வைக்கு மாற்றம் தெரியும். எலும்பு வளைவோடு தசைத் தளர்ச்சியால் வரும் சாய்வும் சேர்ந்துதான் நீங்கள் கண்ணாடியில் பார்க்கும் தோற்றம். அந்தச் சாய்வு குறையும்போது தோள்கள் ஓரளவு சமமாகும், உடம்பு நடுக்கோட்டுக்கு வரும். வளரும் பிள்ளைகளுக்குத் தனியாக வடிவமைத்த பயிற்சிகளால் கோணம் சில டிகிரி குறைந்ததாகவோ கூடாமல் நின்றதாகவோ காட்டும் ஆய்வுகள் உண்டு. அதைப் பிரேஸ், அதாவது வளைவு கூடாமல் தடுக்க உடம்பைச் சுற்றி அணியும் கவசம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

சரி, எதுல ஆரம்பிக்கிறது?

மூச்சில். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். இரண்டு கைகளையும் கீழ் விலாக்களின் மேல் வைத்து, மூக்கால் மெதுவாக இழுங்கள். எந்தப் பக்க விலா குறைவாக விரிகிறது என்று கைக்கே தெரியும். அந்தப் பக்கத்துக்குள் காற்றை அனுப்புவதாக நினைத்துக்கொண்டு இழுத்து, வாயால் நீளமாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். இதை அற்பமாக நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். ஆனால் இறுகிக் கிடக்கும் விலாக்கள் அசையத் தொடங்குவது இங்கேதான்.

அடுத்தது அசைவு. கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, மூச்சை விடும்போது முதுகை மேலே வளைத்து, இழுக்கும்போது மெல்லக் கீழே இறக்குங்கள். எட்டுப் பத்து முறை, அவசரமில்லாமல். அதே நிலையிலிருந்து குதிகால்மேல் பின்னால் உட்கார்ந்து, கைகளை முன்னே நீட்டிக் குனிந்து ஓய்வெடுங்கள். வளைவு எந்தப் பக்கம் என்று தெரிந்தால், கைகளைப் புடைத்த பக்கமாக நகர்த்தி அரை நிமிடம் இருங்கள். குழிந்த பக்கம் நீள்வதை உணர்வீர்கள்.

பிறகு வலிமை. மறுபடி கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டி ஐந்து விநாடி நிறுத்துங்கள், மாற்றிச் செய்யுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது; சரிகிறது என்றால் காலை மட்டும் நீட்டுங்கள். அப்புறம் மல்லாந்து படுத்து, பாதங்களை ஊன்றி, பிட்டத்தை இறுக்கி இடுப்பை உயர்த்துங்கள். சேது பந்தாசனம் என்று தெரிந்திருக்கும். ஒவ்வொன்றும் எட்டு முறை. கடைசியாகப் பின்தொடையையும் தொடையின் முன்பகுதியையும் இழுத்து விடுங்கள். இடுப்பைச் சுற்றி இறுகியிருந்தால் அந்தச் சுமையும் கீழ்முதுகுக்குத்தான் போகும். இவற்றோடு தினமும் 20 முதல் 30 நிமிட நடை.

இதெல்லாம் எவ்வளவு நேரம் செய்யணும்? எத்தனை நாள்ல வலி குறையும்?

முந்தைய பதிலில் உள்ளவற்றைச் செய்ய 15 முதல் 20 நிமிடம் ஆகும். தினமும் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் செய்வதில் பயன் குறைவு, மறுநாள் வலிதான் கூடும். இறுக்கம் இரண்டு மூன்று வாரத்தில் தளர்வதைப் பலர் சொல்வார்கள். தசை வலுப்பெற ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். நடுவில் சில நாள் வலி கூடும், சில நாள் குறையும். மாதக் கணக்கில் பார்த்தால்தான் போக்கு தெரியும்.

வலியின் அளவை மட்டும் பார்க்காதீர்கள். 'எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, எந்த நேரத்தில் வலி தொடங்குகிறது' என்று குறித்து வையுங்கள். மதியம் 2 மணிக்குத் தொடங்கிய வலி 5 மணிக்குத் தள்ளிப்போனால் அது பெரிய முன்னேற்றம். பலர் அதைக் கவனிக்காமல் 'இன்னும் வலிக்கிறதே' என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

பயிற்சி செய்யும்போது வலிச்சா நிறுத்திடணுமா?

எந்த மாதிரி வலி என்று பாருங்கள். தசை இழுபடுவதும் களைப்பதும் வரத்தான் செய்யும். வலிக்கு 10க்கு மதிப்பெண் போட்டால் 3, 4 வரை பொறுத்துக்கொள்ளலாம். மறுநாளைக்குள் அது பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், ஆனால் அடியோடு விட்டுவிடாதீர்கள்.

குத்துவது, சுரீரென்று காலுக்கோ கைக்கோ ஓடுவது, மரத்துப்போவது ஆகியவை வேறு வகை. அந்த அசைவை உடனே நிறுத்திவிட்டு, உங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள்.

என் வளைவு எந்தப் பக்கம்னே தெரியல. ரிப்போர்ட்ல டெக்ஸ்ட்ரோன்னு ஏதோ இருக்கு.

டெக்ஸ்ட்ரோ என்றால் வலது, லீவோ என்றால் இடது. வளைவு எந்தப் பக்கம் புடைத்திருக்கிறதோ அந்தப் பக்கத்தின் பெயரைத்தான் எழுதுவார்கள். தொராசிக் என்று இருந்தால் மேல்முதுகு, லம்பார் என்றால் கீழ்முதுகு. ஆக, டெக்ஸ்ட்ரோ தொராசிக் என்பது மேல்முதுகில் வலப்பக்கம் புடைத்த வளைவு. பதின்ம வயதில் வருவதில் இதுதான் அதிகம்.

முதுகு எக்ஸ்ரேயை மருத்துவர்கள் பல சமயம் பின்னாலிருந்து பார்ப்பதுபோல் மாட்டிப் பார்ப்பார்கள். படத்தை நீங்களே தூக்கிப் பிடித்து வலது, இடது முடிவு செய்தால் தலைகீழாகிவிட வாய்ப்புண்டு. எழுத்தில் உள்ளதை நம்புங்கள், இல்லையென்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் பயிற்சி செஞ்சா போதும், சைடு பிளாங்க் செஞ்சாலே வளைவு குறையுதுன்னு வீடியோல சொல்றாங்களே?

சைடு பிளாங்க் என்றால் பக்கவாட்டில் படுத்து, முழங்கையை ஊன்றி இடுப்பை உயர்த்தி நிறுத்துவது. அந்தப் பேச்சுக்கு மூலம் 2014இல் வந்த சிறிய ஆய்வு. புடைத்த பக்கம் கீழே வரும்படி படுத்து சைடு பிளாங்க் செய்தவர்களுக்கு வளைவு குறைந்ததாக அது சொன்னது. பங்கெடுத்தவர்கள் 25 பேர்தான். பயிற்சி செய்யாத இன்னொரு குழுவோடு ஒப்பிடவும் இல்லை. அதை வைத்து எல்லோருக்கும் வாக்குறுதி கொடுக்க முடியாது.

ஆனாலும் சைடு பிளாங்க் நல்ல பயிற்சிதான். முழங்காலை ஊன்றிய எளிய வடிவத்தில், ஒரு வளைவு மட்டும் உள்ளவர்கள் இரண்டு பக்கமும் செய்துவிட்டுப் புடைத்த பக்கம் கீழே வருமாறு இன்னொரு முறை கூடுதலாகச் செய்யலாம். இரண்டு வளைவு இருந்தால் சிக்கல். மேல் வளைவுக்கு உதவும் பக்கம் கீழ் வளைவுக்கு எதிராகப் போகலாம். அவர்கள் ஒரு பக்கப் பயிற்சிகளைத் தாமாகத் தீர்மானிக்க வேண்டாம்.

ஷ்ராத் முறைன்னு ஒண்ணு இருக்காமே, அது என்ன?

ஜெர்மனியைச் சேர்ந்த கத்தரினா ஷ்ராத் உருவாக்கிய முறை. 1894இல் பிறந்த அவருக்கே ஸ்கோலியோசிஸ் இருந்தது. இளம் வயதில் இரும்புப் பிரேஸ் அணிந்தவர். நெளிந்த பந்து உள்ளே காற்று ஏறும்போது நிமிர்வதைப் பார்த்து, குழிந்த விலாப் பகுதிக்குள் மூச்சைச் செலுத்திப் பார்த்தார் என்று சொல்வார்கள். 1921இல் மைசன் நகரத்தில் தன் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். பிறகு மகள் கிறிஸ்டாவும் அதில் சேர்ந்துகொண்டார்.

இந்த முறையில் கண்ணாடி முன் நின்று, உடம்பை மேல்நோக்கி நீட்டி, வளைவுக்கு எதிர்த்திசையில் நகர்த்தி, திருகலைக் குறைத்து, குழிந்த பக்கத்துக்குள் மூச்சை இழுத்து, அந்த நிலையைத் தசைகளால் பிடித்து நிறுத்துவார்கள். ஒருவருடைய பயிற்சி இன்னொருவருக்குப் பொருந்தாது. அதனால் வீடியோ பார்த்துச் செய்யாமல் அதற்கென்று பயிற்சி பெற்றவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். கிடைத்தால் விடாதீர்கள், வலி, தோற்றம், தசைத் தாங்குதிறன் மூன்றுக்கும் நல்லது. கிடைக்காவிட்டாலும் குறையில்லை. வலியைக் குறைப்பதற்கு மட்டும் என்றால் மேலே சொன்ன பொதுப் பயிற்சிகளே வெகுதூரம் கொண்டுபோகும்.

யோகா செய்யலாமா?

தாராளமாக. தாடாசனம் (நிமிர்ந்து நிற்பது), மார்ஜாரி ஆசனம், பாலாசனம் (மேலே அசைவில் சொன்ன இரண்டும்), சேது பந்தாசனம் எல்லாம் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். அழுத்தித் திருகும் ஆசனங்கள், முதுகை அதிகம் பின்னால் வளைப்பவை, தலைகீழாக நிற்பவை ஆகியவற்றில் கவனம் வேண்டும். உங்கள் எலும்புகள் ஏற்கெனவே திருகியிருப்பதால் ஒரு பக்கம் எளிதாகத் திரும்பும், மறுபக்கம் தடைபடும். ஆசிரியர் 'இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும்' என்று கையால் அழுத்தித் திருப்பினால் மறுத்துவிடுங்கள். வகுப்பில் சேரும் அன்றே வளைவைப் பற்றிச் சொல்லிவிடுவது உத்தமம்.

உடம்பு ரொம்பவும் நெகிழ்வாக உள்ளவர்களுக்கு, அதாவது மூட்டுகள் வழக்கத்தைவிட அதிகமாக வளைபவர்களுக்கு, இன்னும் நீட்டி இழுப்பதைவிட வலிமைப் பயிற்சிதான் முக்கியம்.

நீச்சல்தான் இதுக்கு மருந்துன்னு எல்லாரும் சொல்றாங்க. கம்பியில தொங்குனாலும் நல்லதாமே?

நீச்சல் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லது. தண்ணீர் எடையைத் தாங்குவதால் வலி அதிகமுள்ள நாட்களில்கூடச் செய்யலாம். ஆனால் வளைவை அது சரிசெய்வதில்லை. பிடித்திருந்தால் நீந்துங்கள். பிடிக்காத பிள்ளையை மருந்து என்று சொல்லி இறக்கிவிட வேண்டியதில்லை.

தொங்கினால் சற்று நேரம் சுகமாக இருக்கும், இறங்கியதும் பழையபடி ஆகிவிடும். தோள் வலி இல்லாதவர்கள் பத்து இருபது விநாடி தொங்கலாம். அதையே முழுச் சிகிச்சையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜிம்முக்குப் போறேன். எடை தூக்கறத விட்டுடணுமா?

வேண்டாம். உலகத்தின் அதிவேக ஓட்டக்காரர் உசேன் போல்ட்டுக்கு ஸ்கோலியோசிஸ் உண்டு. முதுகையும் வயிற்றுத் தசைகளையும் வலுவாக வைத்துக்கொள்வது தனக்கு எவ்வளவு அவசியம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சில மாற்றங்கள் மட்டும் செய்துகொள்ளுங்கள். முதுகில் கம்பியை வைத்துக் கனமான ஸ்குவாட் போடுவதற்குப் பதில், எடையை மார்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டோ, லெக் பிரஸ் கருவியிலோ தொடங்கலாம். ஒரு கை டம்பெல் ரோ, ஒரு கால் லஞ்ச் போன்ற தனித்தனிப் பக்கப் பயிற்சிகள் உங்களுக்கு மிகவும் ஏற்றவை. வலுவான பக்கம் பலவீனமான பக்கத்தின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுவது அங்கே நடக்காது. பலவீனமான பக்கம் எத்தனை முடிகிறதோ அந்த எண்ணிக்கையையே மறுபக்கத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எடையைத் தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்புவதைத் தவிருங்கள்.

நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி வேலை. நிமிந்தே உக்கார முயற்சி பண்றேன், இன்னும் வலிதான் கூடுது.

விறைப்பாக நிமிர்ந்தே இருப்பதும் தசைக்கு வேலைதான். மூன்றாவது கேள்வியில் சொன்ன களைப்பு அதனால் இன்னும் சீக்கிரம் வரும். முதுகு முழுவதும் சாயும் நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள். குழிந்த இடத்துக்கும் நாற்காலிக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் மடித்த துண்டை அங்கே வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். பலருக்கும் விலை கூடிய நாற்காலியைவிட இந்த இரண்டு நிமிடம்தான் உதவுகிறது.

ஒரு கால் குட்டையா இருக்கறதாலதான் முதுகு வளையுது, செருப்புக்குள்ள அட்டை வைங்கன்னு சொல்றாங்க. வைக்கலாமா?

அளக்காமல் வைக்காதீர்கள். கால் நீளம் வேறுபட்டால் இடுப்பு சாய்ந்து, அதைச் சமன் செய்ய முதுகு வளையும். இது எலும்பின் வளைவு கிடையாது. உட்கார்ந்தாலோ குனிந்தாலோ மறைந்துவிடும். அவர்களுக்கு அட்டை உதவும். சில மில்லிமீட்டர் வேறுபாடு பெரும்பாலானவர்களுக்கு உண்டு, அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். மாறாக, வளைவால் இடுப்பு சாய்ந்து கால் குட்டைபோலத் தெரிகிறவருக்கு அட்டை வைத்தால் வலி கூடலாம்.

பொண்ணுக்கு 12 வயசு, 28 டிகிரி. பிரேஸ் போடச் சொல்றாங்க. அவ அழறா. பயிற்சி மட்டும் செஞ்சா போதாதா?

போதாது. இந்த ஒரு இடத்தில் நான் உறுதியாகச் சொல்வேன். வளர்ச்சி மீதமிருக்கும்போது, 25 முதல் 40 டிகிரி வரையுள்ள வளைவு மேலும் கூடாமல் தடுக்க நம்மிடம் இருக்கும் வலுவான வழி பிரேஸ்தான். பெண் பிள்ளைகளுக்கு வளைவு பெரிதாகும் வாய்ப்பும் ஆண் பிள்ளைகளைவிட அதிகம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வில், பிரேஸ் அணிந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு 50 டிகிரியை எட்டாமல் வளர்ச்சி முடிந்தது. அணியாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் அது 48 சதவீதம். நாளுக்குச் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் 90 சதவீதத்தையும் தாண்டியது.

பயிற்சிக்கு இங்கே இடம் இல்லையா என்றால், உண்டு. பிரேஸுக்குள் தசை சோர்ந்துபோகாமல் காக்கவும், மூச்சு விரிவைப் பேணவும், பிரேஸைக் கழற்றும் காலத்தில் முதுகு தானாக நிற்கவும் அது தேவை. விளையாடுவதற்குப் பிரேஸைக் கழற்ற அனுமதி உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்கும். அவள் அழுவதை அடக்கச் சொல்லாதீர்கள். அந்த வயதில் வகுப்பில் எல்லோர் முன்னாலும் பிரேஸோடு உட்காருவது எளிதான காரியமில்லை. எந்த உடை மேலே போட்டால் தெரியாது, எந்த மணி நேரங்களில் அணிவது என்பதை அவளையே தேர்ந்தெடுக்க விடுங்கள். தானே தேர்ந்தெடுத்தால் அணிவதும் கூடும்.

அம்மாவுக்கு 68 வயசு. இப்பதான் முதுகு வளையுது. கொஞ்ச தூரம் நடந்தாலே கால் கனத்து வலிக்குது, உக்காந்தா சரியாயிடுது.

வட்டுகளும் சிறு மூட்டுகளும் தேய்ந்து, 50 வயதுக்கு மேல் கீழ்முதுகில் புதிதாக வளைவு வரலாம். நீங்கள் சொல்லும் கால் வலிக்கு முதுகெலும்புக்குள் நரம்புப் பாதை குறுகியிருப்பது காரணமாக இருக்கலாம். உட்கார்ந்தாலோ முன்னால் சாய்ந்தாலோ பாதை சற்று விரிவதால் வலி இறங்கும். காலுக்கு இரத்த ஓட்டம் குறைந்தாலும் இதே மாதிரி வலிக்கும் என்பதால் முதலில் மருத்துவர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

நரம்புப் பாதைதான் காரணம் என்றால், மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக மார்புக்கு இழுப்பது, நிலைச் சைக்கிள், தள்ளுவண்டியைப் பிடித்தபடி நடை ஆகியவை அவருக்குச் சுகமாக இருக்கும். புஜங்காசனம் போலப் பின்னால் வளைப்பவை வேண்டாம். எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். எலும்பு மெலிந்திருந்தால் முதுகை வளைத்துக் குனிந்து கால்விரலைத் தொடுவதும், படுத்திருந்து எழும் வயிற்றுப் பயிற்சியும், வேகமாகத் திருகுவதும் முள்ளெலும்பை நொறுக்கிவிடக்கூடும். முழங்காலை இழுப்பதும் முதுகைக் குனிய வைக்கும் அசைவுதான் என்பதால், அந்த நிலையில் அதையும் மருத்துவரிடம் கேட்ட பிறகே செய்ய வேண்டும். விழாமல் இருக்க, சுவரையோ மேசையையோ பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியைச் சேர்க்கலாம்.

கர்ப்பமா இருக்கேன். நிறுத்திடணுமா?

வேறு சிக்கல் இல்லையென்றால் தொடரலாம். மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு நடை, மூச்சுப் பயிற்சி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிச் செய்பவை ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஏற ஏற மல்லாந்து படுத்து நீண்ட நேரம் செய்பவற்றைக் குறையுங்கள். முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்ய வேண்டி வரலாம் என்பதால், வளைவின் விவரத்தையும் எக்ஸ்ரே பழையதாக இருந்தாலும் அதையும் முன்கூட்டியே மயக்க மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஆபரேஷன் செஞ்சு கம்பி வெச்சிருக்கு. இனிமே பயிற்சி உண்டா?

உண்டு, ஆனால் அட்டவணை அறுவை செய்தவருடையது. முதல் நாட்களிலிருந்தே நடக்க வைப்பார்கள். எலும்புகள் ஒன்றோடொன்று கூடிச் சேர மாதங்கள் ஆகும். அதுவரை குனிவது, திருகுவது, கனம் தூக்குவது தள்ளிப்போகும். சேர்ந்த பிறகு அந்தப் பகுதி அசையாது. அசைவைத் தேடி அதை வற்புறுத்துவதில் பயனில்லை. இடுப்பு மூட்டும் பின்தொடையும் நன்றாக அசைந்தால், கம்பிக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள்மேல் சுமை குறையும். அவற்றில் கவனம் வையுங்கள்.

எப்போ பயிற்சிய விட்டுட்டு உடனே டாக்டர்கிட்ட போகணும்?

சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது, சிறுநீர் வராமல் தடைபடுவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, கால் பலவீனமாகித் தடுமாறுவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே அவசர சிகிச்சைக்குப் போங்கள். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் விடாத வலி, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்த பிறகு வந்த கடும் வலி ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. மேல்முதுகு வளைவு 70, 80 டிகிரியைத் தாண்டியவர்களுக்கு நுரையீரல் விரிய இடம் குறையும்; மூச்சு வாங்கினால் பயிற்சிக் குறைவு என்று ஒதுக்காதீர்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கடுமையான வலி வருவது வழக்கமில்லை. வலியோடு வளைவும் வேகமாகக் கூடினால், அல்லது மேல்முதுகு வளைவு இடப்பக்கம் புடைத்திருந்தால், உள்ளே வேறு காரணம் இருக்கிறதா என்று எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பார்கள். அதற்குச் சம்மதியுங்கள்.

ஆறு மாசம் விடாம செஞ்சேன். வலி பாதியா குறைஞ்சுடுச்சு. ஆனா புது எக்ஸ்ரேல 3 டிகிரி கூடியிருக்கு. பயிற்சியாலதான் கூடிச்சா?

இல்லை. பெரும்பாலும் எதுவும் கூடவே இல்லை. ஒரே எக்ஸ்ரேயை இருவர் அளந்தாலே 5 டிகிரி வரை வித்தியாசம் வரும். காலையில் எடுத்த படத்துக்கும் மாலையில் எடுத்ததற்கும்கூட வேறுபாடு இருக்கும். அதனால் 5 டிகிரிக்கு மேல் மாறினால்தான் உண்மையான மாற்றமாகக் கணக்கில் எடுப்பார்கள். அடுத்த முறையும் அதே இடத்தில், முடிந்தால் நாளின் அதே நேரத்தில் எடுங்கள். பழைய படத்தையும் கையோடு கொண்டுபோய், இரண்டிலும் அதே முள்ளெலும்புகளை வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

உங்கள் வயதும் கோணமும் இதில் முக்கியம். வளர்ச்சி முடிந்தபோது 30 டிகிரிக்குக் கீழே இருந்த வளைவுகள் பிறகு பெரும்பாலும் அப்படியே நிற்கும். 50க்கு மேல் இருந்தவை வருடத்துக்குச் சுமார் ஒரு டிகிரி கூடலாம்; நீங்கள் அந்த வகை என்றால் பயிற்சி செய்தாலும் செய்யாவிட்டாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்க்க வேண்டும். வலி பாதியாகக் குறைந்தது எக்ஸ்ரேயில் தெரியாது. இப்போது செய்துவரும் பயிற்சியை அப்படியே தொடருங்கள். எட்டு முறை எளிதாகிவிட்டிருந்தால் பத்தாக்குங்கள், முழங்காலை ஊன்றிச் செய்த சைடு பிளாங்க்கைக் காலை நீட்டிச் செய்து பாருங்கள்.